மேலே பார்த்தால் ஓம்

விஞ்ஞானத்தின் மேல் எனக்கு ஆசை வந்தது ஒரு முழங்காலால். பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆசிரியை ஒரு மாணவியை மேசையில் இருத்தி, முழங்காற் சில்லுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் தானாக உதைத்தது. "இதுக்கு மூளையிட்ட அனுமதி கேக்கிறேல்லை," என்றார். அதற்குத் தெறிவினை என்று பெயர் என்றும் சொன்னார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைக் கேட்காமல் எனக்குள் வேலை செய்கிற ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய் என் முழங்காலை நானே தட்டித் தட்டிச் சிவக்க வைத்தேன்.

மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. இயன் மருத்துவம், அதாவது ஃபிசியோதெரபி, கிடைத்தது. அது என்ன படிப்பு என்று ஊரில் விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "உழுக்குச் சுளுக்குப் பாக்கிறதோ பிள்ளை?" என்று ஒரு மாமி கேட்டார். சொந்தக்காரர் 'அரை டொக்டர்' என்று பட்டம் வைத்தார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது தெரிந்தே அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

படிப்புக்காகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் தங்கினேன். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில் அறை. கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது மேசையிலிருந்த என் பிளாஸ்டிக் முள்ளந்தண்டு கடகடவென்று ஆடும். அது சண்டைக் காலம். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் பாண் வாங்கக்கூட நாங்கள் வெளியே இறங்குவதில்லை. வெளியே நடக்கிற எதற்கும் காரணம் கேட்க முடியாது. உடம்பைப் பற்றி மட்டும் ஏன், எப்படி என்று கேட்கலாம், புத்தகத்தில் பதிலும் இருக்கும். அந்த நாட்களில் நான் வெறி பிடித்தவள் போலப் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் விரிவுரையாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், பின்னேரங்களில் போய்க் கை கால்களை அசைத்துவிட வேண்டும் என்றார். அசைக்காமல் விட்டால் மூட்டுகள் இறுகிப்போகும். நான் உடனே சம்மதித்தேன். வார்ட்டில் ஒரு நோயாளியோடு பத்து நிமிடம் நிற்க முடியாது. இங்கே ஓர் உடம்பு முழுக்க எனக்கென்று கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். மாணவப் பருவத்தில் மனிதருக்கு அப்படித்தான் புத்தி போகும்.

தேவாலயத்துக்குப் பின்னால் துறைமுகப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் அந்த வீடு இருந்தது. அவர் கப்பல் கொம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். குளியலறையில் விழுந்த நாளிலிருந்து பேச்சில்லை, அசைவில்லை. மூளைத் தண்டில் இரத்தக் கட்டி. உணர்வும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் சாப்பாடு. நான் அவரை அங்கிள் என்றும் மனைவியை அன்ரி என்றும் கூப்பிட்டேன். அன்ரி யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்க்காரி, கல்யாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர்.

அறைக்குள் டெட்டோலும் ஓடிக்கொலோனும் மணந்தன. அங்கிளின் கண்கள் திறந்திருந்தன. முகட்டில் நின்றுபோன ஃபானைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். கண் சிமிட்டுவார். அதுவும் தெறிவினைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் முதுகைக் காட்டித் திரும்பும்போதெல்லாம் பிடரி கூசியது.

கண்களைவிடப் பயமாக இருந்தது செபமாலை. பின்னேர மணி அடித்ததும் அன்ரி கட்டிலடியில் முழங்காலில் நிற்பார். அவர்களுடைய வழக்கத்தில் ஒருவர் செபத்தின் முதற் பாதியைச் சொல்ல, மற்றவர் மீதிப் பாதியைச் சொல்லி முடிப்பார். கல்யாணமான நாளிலிருந்து அன்ரி முதற் பாதி, அங்கிள் மற்றப் பாதி. இப்போதும் அன்ரி தன் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். அவருடைய பாதிக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் மௌனமாக இருந்துவிட்டு அடுத்த மணியை உருட்டுவார். நான் சைவம். எனக்கு அந்தச் செபம் பாடமில்லை. ஆனால் அந்த மௌனத்தின் நீளம் எனக்குப் பாடமாகிவிட்டது. அதற்குள் யாரோ வாயசைக்கிறார்கள் என்று தோன்றும். அப்போதெல்லாம் தலையைக் குனிந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருப்பேன்.

"அவருக்கு எல்லாம் கேக்குது பிள்ளை," என்பார் அன்ரி. நான் தலையாட்டுவேன். நம்பவில்லை.

அன்ரியின் தம்பிக்கு இது பெரிய தலையிடி. அன்ரியின் ஒரே மகள் கனடாவில், வயிற்றில் பிள்ளையோடு தனியே இருந்தாள். தாய்க்கு விசாவும் எடுத்துவிட்டாள். புருஷனை விட்டுப் போகமாட்டேன் என்று அன்ரி நின்றார். ஒருநாள் தம்பி என்னை வாசலில் மறித்தார்.

"பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள். அவருக்கு ஒண்டும் விளங்கேல்லை எண்டு அக்காவுக்கு வடிவாச் சொல்லுங்கோ. சிஸ்டர்மார் நடத்துற இல்லத்தில இடம் பேசியிருக்கிறன். அங்க பாப்பினம். அக்காவின்ர மனசில உள்ள அந்தச் சந்தேகம் போனாத்தான் அவ வெளிக்கிடுவா."

"நான் இன்னும் மாணவிதானே அண்ணை," என்றேன்.

"அதுக்கென்ன. உங்களை அவ நம்புறா," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. விசாவுக்கு ஒரு முடிவுத் திகதி இருந்தது, அக்காவும் தனியே இருந்தார். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்கு அடுத்த வாரம் நான் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா திறப்போடு ஓடிவந்தார். "துவ, நோனாவ பொலீசியட்ட எக்கங் கியா," என்றார். விடியவே சுற்றிவளைப்பு நடந்ததாம். பதிவுத் துண்டில் ஏதோ பிழை என்று அன்ரியைப் பொலிசுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். தம்பி பின்னாலேயே போய் அங்கே நிற்கிறாராம். அந்த அம்மா பயத்தில் உள்ளே போகவில்லை. அங்கிள் விடியலிலிருந்து தனியே கிடந்திருக்கிறார்.

கதவைத் திறந்தேன். அலுமாரி திறந்து உடுப்பெல்லாம் நிலத்தில் கிடந்தது. கட்டிலுக்குக் கீழேயும் பார்த்திருக்கிறார்கள் போல, மெத்தை ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. அதன்மேல் அவர், அதே பார்வையோடு. அந்த வீட்டில் அவரோடு நான் தனியே நின்றது அதுதான் முதல் தடவை. அவரைத் துடைத்துத் துணி மாற்றினேன். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், வழமையான வேலையைத் தொடங்கினேன்.

நோயாளியைத் தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும், மயக்கத்தில் கிடந்தாலும் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி. அதில் எங்கள் வகுப்பே விடுகிற பிழை ஒன்று உண்டு. நோயாளி எங்களைப் பார்த்தபடி கிடப்பதால் எங்கள் வலப்பக்கம் அவருடைய இடப்பக்கம். களைப்பிலோ பயத்திலோ வாய் ஒரு பக்கத்தைச் சொல்லும், கை மற்றப் பக்கத்தைப் பிடிக்கும்.

"அங்கிள், இப்ப உங்கட வலது காலைத் தூக்கப்போறன்," என்று சொல்லி இடது காலைத் தூக்கினேன்.

அவருடைய கண்கள் ஃபானை விட்டன. மேலே போய், கீழே வந்து, என்னில் நின்றன.

காலை மெதுவாகக் கீழே வைத்தேன். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் பனம்பழம் ஏன் விழுந்தது என்று பார்க்காமல் போக என்னால் முடியாது. "வலது கை," என்று சொல்லி வலது கையைப் பிடித்தேன். கண்கள் அசையவில்லை. "இடது கை," என்று சொல்லி மீண்டும் வலதையே பிடித்தேன். மேலே, கீழே. என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரியாகவும் பிழையாகவும் மாறி மாறிச் சொல்லி, சுவரிலிருந்த கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். பிழையான ஒவ்வொரு தடவையும் அந்தக் கண்கள் மேலே போயின.

கண்ணாடிக்குள் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஓடவேண்டும் போல இருந்தது. இவ்வளவு மாதமும் இந்த மனிதனுடைய தலைமாட்டில் நின்று நான் பரீட்சைக்குத் தசைகளின் பெயர்களைப் பாடமாக்கியிருக்கிறேன். பாட்டு முணுமுணுத்திருக்கிறேன். இரண்டு அடி தள்ளி நின்று அன்ரியின் தம்பி அவரை "வெறும் உடம்பு" என்று சொன்னதும் இதே அறையில்தான்.

"அங்கிள், நான் சொல்றது விளங்குதோ? ஓம் எண்டா மேல பாருங்கோ. இல்லையெண்டா கண்ணை மூடுங்கோ."

மேலே பார்த்தார்.

"பசிக்குதோ?"

மேலே பார்த்தார்.

அழுதுகொண்டே மாவைக் கரைத்தேன். அன்ரி செய்வதைப் பார்த்துப் பழகியிருந்ததால் குழாயில் ஊற்றத் தெரிந்தது. "அன்ரி கடைக்குப் போட்டா, இப்ப வந்திடுவா," என்று பொய் சொன்னேன். அவர் கண்ணை மூடினார்.

அன்ரி பின்னேர மணிக்குப் பிறகுதான் வந்தார். தலை கலைந்திருந்தது, செருப்பின் வார் அறுந்திருந்தது. முற்றத்தில் முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு, சிரித்தபடி அறைக்குள் வந்தார். "கோயில்ல இண்டைக்குச் சரியான சனம், அதுதான் பிந்திப்போச்சு," என்று அவருடைய நெற்றியைத் தடவினார். அவர் கண்ணை மூடினார். அன்ரிக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உடனே சொல்லாததற்குக் காரணம் இருந்தது. பிழையான நம்பிக்கையை அந்த மனுசிக்குக் கொடுத்துவிடக்கூடாது. நூலகத்தில் தேடினேன். தடித்த புத்தகமொன்றில் சிறிய எழுத்தில் ஒரு பந்தி இருந்தது. மூளைத் தண்டின் ஓர் இடத்தில் அடைப்பு வந்தால் உடம்பு முழுவதும் நின்றுவிடும், கண்கள் பக்கவாட்டில்கூட அசையாது, மேலும் கீழும் மட்டும் அசையும். ஆள் முழு விழிப்போடு உள்ளே இருப்பார். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, யன்னலருகே போய் நின்றேன். எல்லோரும் அவருடைய முகத்துக்கு முன்னால் விரலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். மேலே பார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னும் சில நாட்கள் அன்ரிக்குத் தெரியாமலே சோதித்தேன். ஒவ்வொரு நாளும் அதே பதில். பிறகு அன்ரியைக் கட்டிலருகே இருத்திச் சொன்னேன்.

அவர் திகைக்கவில்லை. "நான் சொன்னனான்தானே," என்று மட்டும் சொன்னார். பிறகு புருஷன் பக்கம் குனிந்தார். முதல் கேள்வியாக என்ன கேட்கப்போகிறாரோ என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் தைப்பிச்ச அந்த நீலச் சேட் உங்களுக்குப் பிடிக்கேல்லைத்தானே?"

அங்கிள் மேலே பார்த்தார். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"நான் பிள்ளையிட்டப் போகட்டோ?"

மேலே பார்த்தார்.

"உங்களை இஞ்ச தனிய விட்டிட்டோ?"

மேலே பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் இஞ்சயே நிக்கட்டோ?"

கண்ணை மூடினார். இறுக்கி மூடினார்.

அன்ரி எழும்பினார். "அவர் அப்பிடித்தான் சொல்லுவார். ஒரு நாளும் தனக்கெண்டு ஒண்டும் கேட்ட மனுசனில்லை. இவ்வளவு நாளும் எனக்கொரு சின்னச் சந்தேகம் இருந்தது பிள்ளை. இப்ப அதுவும் போட்டுது. உயிரோட, நினைவோட கிடக்கிற மனுசனை விட்டிட்டு நான் எங்க போறது?" தம்பியிடம் அன்றே சொல்லிவிடப்போவதாகச் சொன்னார். மகளுக்கும் சொல்லவேண்டும் என்றார். அவர் பேசிக்கொண்டே இருந்தார். அங்கிளின் கண்கள் மூடியபடியே இருந்தன. நான் போகும்வரை திறக்கவில்லை.

அடுத்த நாள் போனபோது கண்கள் திறந்திருந்தன, ஃபானைப் பார்த்துக்கொண்டு. "அங்கிள், வலது கால்," என்று சொல்லி இடதைத் தூக்கினேன். ஒன்றுமில்லை. மேலே பாருங்கோ என்றேன். ஒன்றுமில்லை. அன்ரி வந்து கெஞ்சினார். நீலச் சேட்டைக் கொண்டுவந்து முகத்துக்கு முன்னால் பிடித்தார். அந்தக் கண்கள் சேட்டை ஊடுருவிக்கொண்டு ஃபானையே பார்த்தன.

அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்தக் கிழமை முழுவதும் அப்படியே. அன்ரியின் தம்பி பெரிய டொக்டர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் டோர்ச் அடித்தார், மேலே பார்க்கச் சொன்னார், என்னையும் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சைக்காரியின் குரல் போலக் கேட்டது. அங்கிள் அசையவில்லை. வாசலில் டொக்டர் என் தோளில் தட்டினார். "படிக்கிற காலத்தில எங்களுக்கும் இப்பிடி நம்பிக்கை வாறதுதான்," என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் கண் என்னை ஏமாற்றியதா, அல்லது இரண்டாவது அடைப்பு வந்து அவரை முழுவதுமாக மூடிவிட்டதா? இரண்டையும் நினைத்து நினைத்துத் தூக்கமில்லாமல் போனேன். வெள்ளவத்தை அறையில் கோச்சி போகும்போதெல்லாம் விழித்துக்கொண்டு கண்ணை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பேன். ஒருநாள் அன்ரி குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற நேரம் அவருடைய காதுக்குள் குனிந்து, "நீங்கள் உள்ளுக்க இருக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும். ஏன் இப்பிடிச் செய்யிறீங்கள்?" என்று கோபமாகக் கேட்டேன். அவருடைய மூச்சு ஒரே சீராக வந்துபோனது. பிணத்தோடு சண்டை பிடித்தவள் போல வெட்கப்பட்டேன்.

விசாவின் திகதி நெருங்கியது. அன்ரி மெலிந்துபோனார். ஒருநாள் பின்னேரம் அவர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நிறுத்தம் இல்லை. தன் பாதியைச் சொல்லி, மூச்சுவிடாமல் அவருடைய பாதியையும் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நீர் எனக்கு உண்மையைச் சொல்லவேணும். அவர் உள்ளுக்க இருக்கிறாரோ?"

அவருக்கு முன்னாலேயே கேட்டார். நான் அங்கிளைப் பார்த்தேன். ஏதாவது ஓர் அசைவு, ஒரு நடுக்கம் போதும் என்று இருந்தது.

"தெரியேல்லை அன்ரி," என்றேன். அது உண்மைதான்.

அன்ரி அந்த மாதமே வெளிக்கிட்டார். போகும்போது அங்கிளின் இமைகளைக் கையால் மூடிவிட்டு, பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல் தானே திறந்துவிட்டார். அங்கிளை நகரத்துக்கு வெளியே அருட்சகோதரிகளின் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அன்ரி கேட்டுக்கொண்டபடி நான் அங்கே போனேன். நீளமான அறை, வரிசையாகக் கட்டில்கள், யன்னலுக்கு வெளியே தென்னைகள். "இவருக்கு ஒண்டும் விளங்குறதில்லை மகள்," என்று சகோதரி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நான் கட்டிலருகே இருந்தேன். வழமைபோல முதலில் சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"அங்கிள், அன்ரி போய்ச் சேந்திட்டா. நேற்று கோல் எடுத்தவ. மகள்தான் எயார்போட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனவவாம்."

அவருடைய கண்கள் மேலே போயின. கீழே வந்தன. மறுபடி மேலே போயின.

அந்தப் பகல் வெளிச்சத்தில், ஆட்கள் நடமாடுகிற இடத்தில், என் உடம்பெல்லாம் மயிர் கூச்செறிந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ்வளவு நாளும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தீங்களோ?"

மேலே.

"டொக்டர் வந்தபோதும்? நான் பேசினபோதும்?"

மேலே.

"அவ போகவேணும் எண்டுதானோ?"

மேலே. கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவரால் துடைக்க முடியாது. நான் துடைத்தேன். ஒரு மனிதனுக்கு மிச்சமிருந்தது இரண்டு கண்களை மேலே தூக்குகிற பலம் மட்டும். அதையும் அவர் மாதக்கணக்காகப் பிடித்து வைத்திருந்திருக்கிறார், மனைவி முகத்துக்கு முன்னால் நின்று கெஞ்சும்போதும். அது எவ்வளவு பெரிய வேலை என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

"அன்ரியிட்டச் சொல்லட்டோ?"

கண்ணை மூடினார்.

"ஒரு நாளும் சொல்லக்கூடாதோ?"

திறந்து, மேலே பார்த்தார்.

அதன் பிறகு ஞாயிறு தோறும் வெள்ளவத்தையில் கொமியூனிகேஷன் என்று சொல்கிற டெலிபோன் கடைக்கு அன்ரி கோல் எடுப்பார். பேத்தி பிறந்ததைச் சொன்னார், பனியைச் சொன்னார், பேத்திக்கு அவருடைய நெற்றி என்று சொன்னார். நான் அதையெல்லாம் இல்லத்துக்குப் போய் ஒரு சொல் விடாமல் அவரிடம் சொல்வேன். அவர் மேலே பார்த்துக்கொண்டு கேட்பார். கோலை வைப்பதற்கு முன் அன்ரி எப்போதும் ஒன்றைக் கேட்பார்.

"மாற்றம் ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை அன்ரி. அப்பிடியேதான் கிடக்கிறார்."

"அவருக்கு ஒண்டும் தெரியாதெண்டது ஒரு விதத்தில நல்லதுதான், பிள்ளை. தெரிஞ்சிருந்தா என்னைத் தேடியிருப்பார்."

"ஓம் அன்ரி," என்பேன்.